முன்றிலும் செயற்கைப் புல்லும்



இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டுக் கேட்டால் நம்மில் பலருக்கு முதலில் நினைவுக்கு வரும் சொல் ‘முன்றில்’. இல்லத்தின் முன்பகுதியைக் குறிக்கும் ‘இல்முன்’ என்னும் சொல் முன்பின்னாக மாறி ‘முன்றில்’ ஆயிற்று என்று படித்திருக்கிறோம். மாணவர்களுக்குச் சொல்லியும் தருகிறோம். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் வளரும் ஒரு மாணவனிடம், “உன் வீட்டு முன்றிலில் என்ன இருக்கிறது?” என்று கேட்டால், “கார் இருக்கிறது, டீச்சர்” என்பான். அந்தக் காரின் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டால், அண்மைக் காலமாகச் சில பிள்ளைகள் “புல் இருக்கிறது” என்கிறார்கள். அது மண்ணில் முளைத்த புல்லன்று. கடையில் சுருளாக வாங்கி வந்து விரித்த செயற்கைப் புல்.

என் வீட்டு வரிசையில் ஒருவர் கொரோனா காலத்துக்குப் பின் வேன் ஒன்றை வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்துக் கேம்பர்வேனாக மாற்றிக்கொண்டார். பள்ளி விடுமுறைக்கு ஊர் சுற்றுவதற்கான வண்டி அது. மற்ற நாள்களில் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. அது நிற்பதற்காகவே வாசல் முழுவதும் செயற்கைப் புல் விரித்தார். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. நானும் விலை விசாரித்தேன். விசாரிக்கப் போன இடத்தில்தான் இந்தப் பொருளின் வரலாற்றைப் படிக்கும் ஆவல் எனக்கு உண்டாயிற்று. படித்தபோது வியப்பளித்த செய்தி ஒன்று உண்டு. செயற்கைப் புல் வண்டிகளுக்காகப் பிறந்ததன்று. பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பிறந்தது.

பள்ளிக்கூடத்தில் பிறந்த புல்

1950களில் அமெரிக்காவில் ஒரு கவலை எழுந்தது. நகரத்துப் பிள்ளைகளுக்குக் கிராமத்துப் பிள்ளைகளைப்போல் ஓடியாட இடமில்லை. அதனால் அவர்களின் உடல்வலிமை குறைகிறது என்பதே அக்கவலை. ஃபோர்டு அறக்கட்டளை 1958இல் பள்ளிக் கட்டட வசதிகளை ஆராய்வதற்கென ஓர் ஆய்வு அமைப்பைத் தொடங்கிற்று. கட்டடங்கள் நெருங்கிய நகரத்தில், புல் வளர வழியில்லாத இடத்தில், பிள்ளைகள் விழுந்தாலும் அடிபடாத ஒரு தரையை அமைக்க முடியுமா என்னும் கேள்விக்கு விடை தேடும் முயற்சியில் அவ்வமைப்பும் பங்கேற்றது. மொன்சாண்டோ நிறுவனத்தைச் சேர்ந்த வேதியியல் இழை நிறுவனம் அதற்கான பொருளை உருவாக்கியது. 1964இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடன்ஸ் நகரிலுள்ள மோசஸ் பிரவுன் பள்ளியில் முதன்முதலாகப் பெரிய அளவில் அது விரிக்கப்பட்டது. அப்போது அதன் பெயர் ‘கெம்கிராஸ்’.

அதை உலகறியச் செய்தது ஹூஸ்டன் நகரின் ஆஸ்ட்ரோடோம் அரங்கம். 1965இல் திறக்கப்பட்ட அந்த மூடிய அரங்கின் கூரை, வெயில் ஊடுருவும் வகையில் அமைக்கப்பட்டிருந்தது. உள்ளே வளர்ந்தது இயற்கைப் புல். ஆனால் கூரையின் கூசொளியில் உயரே வரும் பந்து ஆட்டக்காரர்களின் கண்ணுக்குத் தெரியவில்லை. கூரைக்குச் சாயம் பூசினார்கள். பந்து தெரிந்தது, வெயிலின்றிப் புல் செத்தது. செத்த புல்லுக்குப் பச்சைச் சாயம் அடித்து அந்தப் பருவத்தை ஓட்டினார்கள் என்பது வரலாறு. 1966இல் அங்கே கெம்கிராஸ் விரிக்கப்பட்டது. அரங்கின் பெயரையொட்டி அதற்கு ‘ஆஸ்ட்ரோடர்ஃப்’ என்னும் பெயரும் வந்தது. பள்ளிக்காகப் பிறந்த பொருள் அவ்வாறு அரங்கத்தின் பொருளாயிற்று.

கோலாலம்பூர் கண்ட இரு உலகக் கிண்ணங்கள்

மலேசியரான நமக்கு இந்த மாற்றத்தை அளந்து பார்க்க நல்ல அளவுகோல் ஒன்று உண்டு. அதுதான் ஹாக்கி.

1975ஆம் ஆண்டு மார்ச் மாதம் மூன்றாவது உலகக் கிண்ண ஹாக்கிப் போட்டி கோலாலம்பூரில் நடைபெற்றது. ஆட்டங்கள் இயற்கைப் புல்தரையில் நடந்தன. மார்ச் 15ஆம் நாள் மெர்டேக்கா அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் இந்தியா பாகிஸ்தானை 2–1 என்று வென்றது. ஸ்ரீ சண்முகநாதன் தலைமையில் ஆடிய மலேசியக் குழு நான்காம் இடத்தைப் பெற்றது. உலகக் கிண்ணத்தில் மலேசியா எட்டிய மிக உயர்ந்த இடம் இன்றுவரை அதுவே.

மறு ஆண்டே, 1976இல், மொன்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரைக்கு மாறியது. 1928 முதல் எல்லா ஒலிம்பிக்கிலும் ஏதேனும் ஒரு பதக்கத்தோடு திரும்பிய இந்தியா அங்கே ஏழாம் இடத்துக்கு இறங்கியது. மலேசியா எட்டாம் இடம் பெற்றது. தங்கம் நியூசிலாந்துக்குப் போயிற்று. தோல்விக்குத் தரை ஒன்றே காரணம் என்று சொல்வது பொருந்தாது. ஆயினும் மேடுபள்ளமான புல்லில் பந்தை அடக்கி, கோலோடு ஒட்டிக் கொண்டுபோகும் கலைக்குக் கிடைத்த மதிப்பு, மட்டமான தரையில் விரைவுக்கும் உடல்வலிமைக்கும் மாறியது என்பதை ஹாக்கி அறிந்தவர்கள் ஒப்புக்கொள்வர். அதைவிடப் பெரிய மாற்றம் பணத்தில் நிகழ்ந்தது. பாடாங்கில் கோலும் பந்தும் இருந்தால் போதும். செயற்கைத் தரை பெருஞ்செலவு கேட்டது. தோட்டத்துத் திடலிலும் இரயில்வே குடியிருப்புத் திடலிலும் ஆடிய பிள்ளைக்கும் உயர்நிலை ஆட்டத்துக்கும் இடையிலான தொலைவு கூடிற்று.

2002இல் உலகக் கிண்ணம் மீண்டும் கோலாலம்பூருக்கு வந்தது. இம்முறை ஆட்டம் நடந்த இடம், 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டப்பட்ட புக்கிட் ஜாலில் தேசிய ஹாக்கி அரங்கம். தரை செயற்கைத் தரை. ஜெர்மனி கிண்ணத்தை வென்றது. 27 ஆண்டுகளில் ஒரே நகரில், ஒரே விளையாட்டின் காலடி முழுவதுமாக மாறிவிட்டிருந்தது.

அதே காலக்கட்டத்தில் கிள்ளான் பள்ளத்தாக்கெங்கும் ஃபுட்சால் கூடங்கள் பெருகின. பழைய கிடங்குகளிலும் கடைவீடுகளுக்குப் பின்னாலும் செயற்கைப் புல் விரிக்கப்பட்டு, மணிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விடப்பட்டது. இலவசமாகக் கிடைத்த ஓட்டத்தைப் பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கும் நிலை அப்போது வந்தது.

பாடாங் இருந்த காலம்

புல்தரை என்பதே நம்முடைய பழைய வழக்கமன்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நகரின் நடுவே புல்வெளி அமைத்தது ஆங்கிலேயர் வழக்கம். கோலாலம்பூரின் பாடாங் அவ்வாறு உருவானது. 1884இல் தொடங்கப்பட்ட சிலாங்கூர் கிளப், அதையொட்டி அமைந்து கிரிக்கெட் ஆடியது. 1957இல் நம் கொடி ஏறியதும் அந்தப் புல்வெளியில்தான். 1990களில் அதன் அடியைத் தோண்டி நிலத்தடி வணிக வளாகமும் வாகன நிறுத்துமிடமும் கட்டினார்கள். மேலே புல், கீழே கார் என்ற ஏற்பாடு நாட்டின் தலைசிறந்த திடலுக்கே முதலில் வந்துவிட்டது.

நம்மவர்களும் திடலின் அருமையை அறிந்தே இருந்தார்கள். 1914இல் கோலாலம்பூரில் தொடங்கப்பட்ட தமிழர் உடற்பயிற்சிக் கழகம் ‘டி.பி.சி.ஏ.’ என்னும் பெயரால் அறியப்பட்டது. ஜாலான் ராஜா மூடாவில் அதற்குத் திடல் இருந்தது. உடலை வளர்க்க நிலம் வேண்டும் என்பதை நூறாண்டுக்கு முன்பே உணர்ந்து செயல்பட்ட பெரியவர்கள் அவர்கள்.

நம் திடல்களில் பரவலாகக் காணப்படும் அகன்ற இலைப் புல்லும் உள்ளூர்ப் புல்லன்று. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. எனவே, “அயலிலிருந்து வந்தது, ஆகவே ஆகாது” என்று செயற்கைப் புல்லைத் தள்ளிவிட முடியாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அது யாருடைய இடத்தைப் பிடிக்கிறது?

லயத்து வாசலிலிருந்து தாமான் வாசலுக்கு

தோட்டத்து லயங்களின் வாசல் புல்வெளியாக இருந்ததில்லை. அது மிதித்து மிதித்து இறுகிய மண்வாசல். விடியலில் கூட்டி, சாணம் தெளித்து, கோலமிடும் இடம். மாலையில் கோலியும் கவுண்டாட்டமும் நொண்டியும் நடக்கும் இடம். மழைநீர் மண்ணில் இறங்கும். மிஞ்சியது ஓரத்துக் கால்வாய்க்குப் போகும். பிரிக்பீல்ட்ஸுக்கும் மண்ணோடு பிறப்புறவு உண்டு. 1881இன் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரின் மர, அத்தாப்பு வீடுகளை அழித்தபின் செங்கல், ஓடு கொண்டு நகரைக் கட்டும் வேலை தொடங்கிற்று. அதற்காகக் களிமண் தோண்டிச் சூளையிட்ட இடமாதலால் அப்பெயர் பெற்றது. பின்னர் இரயில்வே ஊழியர்களின் குடியிருப்பாயிற்று. இரயில்வே நிலத்தில் 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது.

1950களில் பெட்டாலிங் ஜெயா, 1970களில் சுபாங் ஜெயா என்று தாமான்கள் வளர்ந்தன. சுபாங் ஜெயா எழுந்த நிலம் ஒரு காலத்தில் சீஃபீல்ட் தோட்டம்; கிள்ளானின் பண்டார் புக்கிட் ராஜாவும் தோட்ட நிலத்தில் எழுந்ததே. பால்மரக் காட்டுக்கும் செம்பனைக் காட்டுக்கும் மேல் 20 அடி அகலமும் 70 அடி நீளமும் கொண்ட மனைகளில் தொடர்வீடுகள் வரிசைபிடித்தன. வீட்டுக்கும் சாலைக்கும் இடையே ஏறத்தாழ 20 அடி இடம் விடப்பட்டது. அதில் ஒரு பகுதி சிமெண்டு, மறுபகுதி புல் என்பதே தொடக்க ஏற்பாடு. தோட்டத்திலிருந்து வந்தவர்கள் அந்தப் பாதி மண்ணில் துளசியும் கறிவேப்பிலையும் செம்பருத்தியும் நட்டார்கள்.

1985 ஜூலையில் புரோட்டோன் சாகா வந்தது; 1994இல் பெரோடுவா கஞ்சில் வந்தது. நடுத்தரக் குடும்பத்துக்குக் கார் எட்டும் பொருளாயிற்று. பிள்ளைகள் வளர்ந்து வேலைக்குப் போனபோது இரண்டாவது கார், மூன்றாவது கார் என்று சேர்ந்தன. இன்று நாட்டில் பதிவான வாகனங்களின் எண்ணிக்கை மக்கள்தொகையையே தாண்டிவிட்டது. பொதுப் போக்குவரத்து வீட்டருகே வராத தாமான்களில் வாழ்வோரை இதற்காகக் குறை சொல்ல முடியாது. ஆனால் விளைவு ஒன்றுதான்: பாதிப் புல்லும் சிமெண்டாயிற்று, சிமெண்டுக்கு மேல் ஓடு பதிக்கப்பட்டது, கறிவேப்பிலை தொட்டிக்குப் போயிற்று. மண் போன பிறகு பசுமைக்கு ஏங்கி, அந்த ஓட்டின் மேல் செயற்கைப் புல்லை விரிக்கிறோம்.

வண்டிக்குக் கீழே விரிப்பதென்றால்

வண்டி நிறுத்தும் இடத்தில் செயற்கைப் புல் அமைக்க முறையான வழி உண்டு. மேல்மண்ணை அரை அடிக்கும் கூடுதலாகத் தோண்டியெடுத்து, அடிமண்ணை இறுக்கி, நீர் ஊடுருவும் துணி விரித்து, உடைகல்லைப் படிப்படியாகக் கொட்டி இயந்திரத்தால் இறுக்க வேண்டும். நீர் வடியச் சற்றுச் சரிவு விட வேண்டும். அதன்மேல் குட்டையான, நெருக்கமான இழை கொண்ட புல்லை விரித்து, இணைப்புகளை நன்றாக ஒட்டி, இழைகளுக்கிடையே மணல் தூவ வேண்டும். வண்டியின் பாரத்தைத் தாங்குவது புல்லன்று, கீழேயுள்ள கல்லடுக்கே. அந்த அடுக்குச் சரியில்லாவிட்டால் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட கேம்பர்வேன் சில மாதங்களில் சக்கரத்தடத்தைக் குழியாக்கிவிடும்.

அப்போதும் இடர்கள் உள்ளன. நின்ற இடத்திலேயே சக்கரத்தைத் திருப்பினால் இழை பிய்யும். வாரக்கணக்கில் நகராத வண்டியின் கீழ் இழை படுத்துவிடும். மீண்டும் நிமிர்வது கடினம். எண்ணெய் சொட்டினால் கறை போகாது. என் அண்டை வீட்டாரைப்போல் ஓட்டின் மேலேயே விரித்தால் செலவு குறையும். ஆனால் ஈரம் அடியில் தங்கி நாற்றமும் பாசியும் உண்டாகும். கொசுத் தொல்லையும் டிங்கியும் உள்ள நம் ஊரில் நீர் தேங்கும் எந்த இடத்தையும் கவனிக்காமல் விடலாகாது.

இன்னொன்று நம் பண்பாட்டைச் சேர்ந்தது. அதில் கோலமிட முடியாது. பொங்கலன்று அதன்மேல் அடுப்பு மூட்டவும் முடியாது. பெரும்பாலான செயற்கைப் புல்லின் பாலிஎத்திலீன் இழை நூறு டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே இளகத் தொடங்கும். முன்றில் என்பது வீட்டார் வானத்தைப் பார்த்துப் பொங்கல் வைக்கும் இடம். அந்த ஒரு நாளுக்காவது வண்டியை வெளியே எடுத்து, விரிப்பைச் சுருட்டி வைக்க வேண்டியிருக்கும்.

ஒரு சிறு கணக்கு

பரப்பளவும் கொள்ளளவும் கற்பிக்கும்போது நான் மாணவர்களுக்குக் கொடுக்கும் கணக்கு இது. 20 அடிக்கு 20 அடி வாசல் ஏறக்குறைய 37 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். மாலை இடிமழையில் 50 மில்லிமீட்டர் பெய்தால் அந்த வாசலில் மட்டும் 1,850 லிட்டர் விழும். 500 வீடுகள் உள்ள தாமானில் எல்லா வாசலும் சிமெண்டு என்றால் 9 லட்சத்து 25 ஆயிரம் லிட்டர் நீர் ஏறத்தாழ முழுவதும், ஒரே நேரத்தில் கால்வாய்க்கு ஓடும். கூரைநீர் இதில் சேரவில்லை. சிமெண்டின் மேல் விரித்த செயற்கைப் புல் இந்தக் கணக்கில் எதையும் குறைப்பதில்லை. கல்லடுக்கின் மேல் முறையாக அமைத்தது ஓரளவு நீரை உள்வாங்கும்.

கோலாலம்பூர் 1971 ஜனவரியில் பெருவெள்ளத்தைக் கண்டது. 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கப்பாதை 2007இல் இயங்கத் தொடங்கிற்று. 2021 டிசம்பரில் ஏறத்தாழ ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டியபோது ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவும் கிள்ளானின் பல பகுதிகளும் நீரில் மூழ்கின. அத்தகைய மழைக்கு வாசல் சிமெண்டு மட்டுமே காரணமாகாது. ஆனால் நாள்தோறும் பெய்யும் சாதாரண மழையிலேயே கால்வாய் நிரம்பும் நிலைக்கு, மண்ணை மூடிய ஒவ்வொரு வாசலும் தன் பங்கைச் செலுத்துகிறது.

பள்ளியின் முன்றில்

நகரத்துத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றுக்கு நிலம் குறைவு. சபைகூடல், உடற்கல்வி, வாகன நிறுத்தம் எல்லாம் ஒரே சதுக்கத்தில் நடக்கின்றன. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் நிதி திரட்டி அங்கே செயற்கைப் புல் விரிக்க முன்வரும்போது நான் மகிழ்கிறேன். 1964இல் அது பிறந்த நோக்கம் அதுவே. ஆனால் முடிவெடுக்குமுன் இரண்டு செய்திகளை அறிந்திருப்பது நல்லது.

முதலாவது, வெப்பம். 2002இல் அமெரிக்காவின் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் அளந்தபோது செயற்கைத் தரையின் மேற்பரப்பு சராசரியாக 47 டிகிரி செல்சியசாகவும், தார்த்தரை 43 டிகிரியாகவும், இயற்கைப் புல் 26 டிகிரியாகவும் இருந்தன. நீர் தெளித்தால் குளிரும். சில நிமிடங்களில் மீண்டும் சூடேறும். நம் பள்ளிகளில் பத்து மணிக்கு மேல் உடற்கல்வி நடப்பதுண்டு. நிழல் இல்லாத செயற்கைப் புல் அந்த நேரத்துக்கு ஏற்றதன்று.

இரண்டாவது, தூள். பல விளையாட்டுத் தரைகளில் இழைகளுக்கிடையே பழைய டயர்களை அரைத்த ரப்பர் துகளைத் தூவுகிறார்கள். மழையில் அது கால்வாய்க்கும் ஆற்றுக்கும் போகிறது. இதனால் ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் விதி வகுத்து, விளையாட்டுத் தரைகளுக்கான அத்தகைய நெகிழித் துகள் விற்பனையை 2031க்குள் நிறுத்த முடிவு செய்திருக்கிறது. நம் தாத்தா பாட்டிமார் விடியலில் பால்மரம் வெட்டிச் சேர்த்த கித்தா உலகெங்கும் டயராயிற்று. அந்த டயரின் தூளைப் பேரப்பிள்ளைகள் விளையாடும் தரையில் கொட்டுவதா என்று எண்ணிப் பார்க்கலாம். மணல் தூவிய தரைகளும் கிடைக்கின்றன. கேட்டு வாங்க வேண்டும்.

வீட்டு வாசலைப் பொறுத்தவரை நான் கண்ட வழி எளியது. சக்கரம் போகும் இரண்டு தடங்களுக்கு மட்டும் கல் பதித்து, நடுவிலும் ஓரத்திலும் மண்ணை விட்டுவிடலாம். அல்லது துளைக்கற்களைப் பதித்து, துளைக்குள் உண்மைப் புல்லை வளர்க்கலாம். பல பொது வாகன நிறுத்துமிடங்களில் அவற்றை நாம் பார்த்திருக்கிறோம். வேலியோரம் இரண்டடி மண் போதும், கறிவேப்பிலை மரமாகும். விரும்பினால் செயற்கைப் புல்லும் இருக்கட்டும். ஆனால் அது வண்டிக்கு மெத்தையாக இல்லாமல் பிள்ளை உட்கார்ந்து விளையாடும் மூலையாக இருக்கட்டும்.

வரும் பள்ளி விடுமுறையில் பெற்றோர்கள் ஒரு வேலை செய்யுங்கள். அளவுநாடாவைப் பிள்ளையிடம் கொடுத்து வீட்டு முன்றிலை அளக்கச் சொல்லுங்கள். அதில் வண்டிக்கு எத்தனை சதுர அடி, மண்ணுக்கு எத்தனை, தனக்கு எத்தனை என்று அவனே எழுதட்டும். ஆசிரியர்கள் அந்தத் தாளை வகுப்பில் சேகரித்து, ‘முன்றில்’ என்னும் சொல்லைக் கற்பிக்கும் நாளில் பயன்படுத்திக்கொள்ளலாம்.